ஹூநெட்: சிறிய மருத்துவமனை லேபுக்கு இந்த இலவச மென்பொருள் உதவுமா?

டெல்டா பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் மைக்ரோபயாலஜி லேபைப் பார்த்துக்கொள்கிறேன். மருத்துவக் கல்லூரி அளவுக்குப் பெரிய இடம் இல்லை. ஐசியூ ஒன்று, பச்சிளங்குழந்தைகளுக்கான வார்டு ஒன்று, ஆபரேஷன், பிரசவம், டயாலிசிஸ் என்று சுற்றுவட்டார ஜனங்கள் நம்பி வரும் இடம். லேபில் தானியங்கி இயந்திரம் கிடையாது. கிருமி வளர்க்கும் பிளேட், மருந்து தோய்த்த சிறு காகித டிஸ்க், ஸ்கேல், எங்கள் கண், இவ்வளவுதான். இப்படிப்பட்ட ஓர் இடத்தில் ஹூநெட் எப்படி நடக்கிறது என்று விவரமாக எழுதச் சொல்லி வேறு லேப்களில் இருக்கும் தோழிகள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களுக்காகவும், மருத்துவமனை நடத்துபவர்கள் யாராவது படித்தால் அவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கல்ச்சர், அதாவது நோயாளியின் மாதிரியிலிருந்து கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை, செய்யும் எந்த மருத்துவமனையிலும் இது ஓடிக்கொண்டிருக்க வேண்டும். குறைகள் உண்டு. அவற்றையும் மறைக்காமல் சொல்கிறேன்.

ஹூநெட் என்பது மருந்துக்கு மசியாத கிருமிகளைக் கணக்கெடுக்கும் மென்பொருள். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், பிரிகாம் அண்ட் விமன்ஸ் மருத்துவமனையில் உலக சுகாதார நிறுவனத்தோடு சேர்ந்து இயங்கும் மையம் ஒன்று 1989 முதல் இதை வளர்த்து வருகிறது. தாமஸ் ஓ'பிரையன், ஜான் ஸ்டெல்லிங் என்ற இரண்டு மருத்துவர்களின் உழைப்பு இதில் பெரிது. நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் பயன்பாட்டில் இருக்கிறது. நம் நாட்டில் தேசிய நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் கண்காணிப்பு வலையமைப்பில் உள்ள லேப்களும் இதில்தான் பதிகின்றன. காசு கிடையாது, ஆண்டுச் சந்தா கிடையாது. விண்டோஸ் உள்ள சாதாரண கம்ப்யூட்டர் போதும். இன்டர்நெட் இல்லாமலே ஓடும் என்பதால் நோயாளியின் விவரம் நாமாக அனுப்பினால் தவிர வெளியே போகாது. எங்கள் நிர்வாகத்திடம் அனுமதி வாங்கும்போது அவர்கள் முதலில் கேட்டதும் இதைத்தான்.

இது வருவதற்கு முன் எல்லா லேபையும் போலத்தான் நாங்களும் இருந்தோம். சளி, சிறுநீர், ரத்தம், சீழ் என்று மாதிரி வரும். கிருமி வளர்ந்தால் பெயர் கண்டுபிடித்து, எந்த மருந்து கேட்கும், எது கேட்காது என்று ரிப்போர்ட் கொடுப்போம். அது அந்த நோயாளியின் ஃபைலுக்குப் போகும். டாக்டர் பார்த்து மருந்தை மாற்றுவார். எங்களிடம் ரெஜிஸ்டரில் ஒரு வரி மிஞ்சும். ரெஜிஸ்டர் நிரம்பினால் புதியது போடுவோம், பழையது பரண் ஏறும். போன வருடம் நம் ஐசியூவில் வளர்ந்த கிளெப்சியெல்லா என்ற கிருமியில் எத்தனை பங்கு மெரோபெனெம் என்ற வலுவான ஆன்டிபயாடிக்குக்கு அடங்கவில்லை என்று யாராவது கேட்டால், பரணில் ஏறித்தான் பதில் தேட வேண்டும். யாரும் கேட்டதும் இல்லை.

ஹூநெட்டில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அற்பமாகத் தெரியலாம். அது மில்லிமீட்டரைக் கேட்கிறது.

காலையில் இன்குபேட்டரிலிருந்து பிளேட்டை எடுத்து, கறுப்புப் பரப்பின் மேல் கவிழ்த்துப் பிடித்து, விளக்கு வெளிச்சத்தில் ஒவ்வொரு டிஸ்க்கைச் சுற்றியும் தெரியும் தெளிந்த வட்டத்தை அளப்போம். டிஸ்க்கின் அகலம் 6 மில்லிமீட்டர். வட்டமே இல்லாமல் கிருமி டிஸ்க்கை முட்டி வளர்ந்திருந்தால் 6 என்று கணக்கு. கிளெப்சியெல்லா, ஈகோலை போன்றவற்றுக்கு மெரோபெனெம் டிஸ்க்கைச் சுற்றி 23 அல்லது அதற்கு மேல் இருந்தால் மருந்து கேட்கும். 19 அல்லது அதற்குக் கீழே போனால் கேட்காது. 20 முதல் 22 வரை நடுவாந்தரம். பெரும்பாலான லேப் ரெஜிஸ்டரில் இந்த எண் இருக்காது. எஸ் (கேட்கும்), ஐ (நடுவாந்தரம்), ஆர் (கேட்காது) என்று ஓர் எழுத்துதான் இருக்கும். அளந்த கையோடு எண்ணை மறந்துவிடுவோம்.

இந்த எல்லைக்கோடுகள் நிலையானவை இல்லை. அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பான சிஎல்எஸ்ஐ ஒவ்வொரு ஆண்டும் அட்டவணையைத் திருத்துகிறது. சிப்ரோஃப்ளாக்சசினுக்கு முன்பெல்லாம் 21 மில்லிமீட்டர் இருந்தாலே எஸ் போடுவோம். 2019-இல் அதை 26 ஆக உயர்த்தினார்கள். 23 மில்லிமீட்டர் வந்த ஒரு ஈகோலை அதற்கு முந்தைய ஆண்டு எஸ், அடுத்த ஆண்டு ஐ. ரெஜிஸ்டரில் எழுத்து மட்டும் இருந்தால், எதிர்ப்பு உண்மையிலேயே கூடியிருக்கிறதா, அட்டவணை மாறியதால் கூடியது போலத் தெரிகிறதா என்று சொல்லவே முடியாது. ஹூநெட்டில் 23 என்று போட்டிருந்தால் போதும். பழைய பதிவு முழுவதையும் புதிய எல்லைக்கோட்டில் வைத்து அதுவே மறுபடி கணக்குப் போட்டுக்கொடுக்கும். எங்கள் பழைய ரெஜிஸ்டர் ஒன்றில் அப்போதிருந்த டெக்னீஷியன் ஒருவர் எழுத்துக்குப் பக்கத்தில் பென்சிலால் எண்ணையும் குறித்து வைத்திருந்தார். அவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். அந்தப் பென்சில் எண்களால்தான் அந்தக் காலத்துத் தகவலை உள்ளே ஏற்ற முடிந்தது. அவருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

எண் இருப்பதால் இன்னொரு நன்மை. ஒரு கிருமி, ஒரு மருந்து என்று தேர்ந்தெடுத்தால் எல்லா அளவுகளையும் வரைபடமாகக் காட்டும். இடது ஓரத்தில் 6-இல் ஒரு குவியல், வலது பக்கம் பெரிய வட்டம் வந்தவற்றின் குவியல், இப்படி இருப்பதுதான் வழக்கம். எங்கள் படத்தில் 15, 20, 25 ஆகிய எண்களில் மட்டும் தனித்தனிக் கம்பம் எழும்பி நின்றது. கிருமி ஐந்து ஐந்தாக வளராது. யாரோ ஸ்கேல் வைக்காமல் கண்ணால் பார்த்துத் தோராயமாகப் போடுகிறார்கள் என்று அர்த்தம். இரவு ஷிஃப்ட் பையனைக் கூப்பிட்டுக் கேட்டேன். "பிளேட் நிறைய இருந்துச்சு மேடம், ரவுண்டா போட்டுட்டேன்" என்றான். பயந்து போயிருந்தான். திட்டவில்லை. டிஜிட்டல் காலிப்பர் ஒன்று வாங்கிக் கொடுத்தோம், இரவில் செய்ய வேண்டிய பிளேட்டைக் குறைத்தோம். பிறகு வந்த படங்களில் அந்தக் கம்பங்கள் இல்லை. 19-க்கும் 20-க்கும் நடுவே ஓர் உயிருக்கான மருந்து முடிவாகிறது. ரவுண்டு செய்யும் பழக்கம் எத்தனை லேபில் இருக்கிறதோ என்று நினைத்தால் இன்றைக்கும் கவலையாக இருக்கிறது.

இனி ஐசியூ விஷயம்.

அசினெட்டோபாக்டர் என்ற கிருமி ஐசியூக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். வென்டிலேட்டரில் இருப்பவர்களின் நுரையீரலைப் பிடிக்கும். காய்ந்த பரப்பிலும் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். இந்திய மருத்துவமனைகளில் பத்தில் எட்டுக்கு மேல் மெரோபெனெமுக்கு அடங்காதவை. அதனால் ரிப்போர்ட்டில் அந்தப் பெயரைப் பார்த்தாலும் யாருக்கும் அதிர்ச்சி இல்லை. எங்கள் ஐசியூவில் வருவதும் அப்படிப்பட்டதுதான். ஆனால் மினோசைக்ளின் என்ற மருந்து மட்டும் ஓரளவு கேட்கும். டாக்டர்கள் அதைக் கையில் வைத்திருந்தார்கள்.

மாதக் கணக்கு எடுக்கும்போது ஹூநெட்டில் எதிர்ப்பு வரிசை என்று ஒரு வகை ஆய்வு இருக்கிறது. எந்தெந்த மருந்துக்கு அடங்கவில்லை என்பதை வைத்து ஒரே மாதிரி உள்ளவற்றை ஒன்றாக அடுக்கி, பக்கத்திலேயே தேதி, வார்டு, மாதிரி எல்லாம் காட்டும். அதில் மினோசைக்ளினுக்கும் அடங்காத ஒரு கூட்டம் தனியே தெரிந்தது. முந்தைய மாதங்களில் அந்த வரிசையே இல்லை. எல்லாம் ஐசியூ, எல்லாம் வென்டிலேட்டர் நோயாளிகளின் மூச்சுக்குழாய்ச் சளி, தேதிகள் ஒன்றையொன்று ஒட்டினாற்போல. ஒவ்வொன்றையும் வெவ்வேறு நாளில் வெவ்வேறு டெக்னீஷியன் படித்திருக்கிறார், வெவ்வேறு டியூட்டி டாக்டர் வாங்கிப் பார்த்திருக்கிறார். தனித்தனியாக யாருக்கும் அது கண்ணில் படவில்லை, படவும் முடியாது.

இன்ஃபெக்‌ஷன் கன்ட்ரோல் சிஸ்டரைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினேன். படுக்கை எண்ணை அவர் தன் நோட்டிலிருந்து சொல்லச் சொல்ல, நான் பக்கத்தில் குறித்தேன். மூன்று, நான்கு, ஐந்து. பக்கத்துப் பக்கத்துப் படுக்கைகள். "நாலாம் பெட்டுக்காரர் வெளி ஆஸ்பத்திரியிலேர்ந்து கொண்டு வந்திருப்பார்னு நினைச்சோம் மேடம்" என்றார். அந்த நோயாளி வந்து சேர்ந்த தேதிக்கும் கிருமி வந்த தேதிக்கும் ஒரு வாரத்துக்கு மேல் இடைவெளி இருந்தது. அன்று பிற்பகலே இருவரும் போய்ப் படுக்கைக் கம்பி, சக்‌ஷன் திருகு, மானிட்டர் வயர், வென்டிலேட்டரின் தொடுதிரை, திரைச்சீலை என்று ஸ்வாப் எடுத்தோம். பிபி பார்க்கும் கஃப்பையும் விடவில்லை. அந்த மூன்று படுக்கைக்கும் சேர்த்து ஒரே கஃப் சுற்றிக்கொண்டிருந்தது. உள்பக்கத் துணி மங்கிப் போய், ஓரம் பிரிந்து, ஒட்டும் பட்டையில் நூலும் முடியும் சிக்கியிருந்தது. கஃப்பிலும் ஒரு வென்டிலேட்டர் திரையிலும் அசினெட்டோபாக்டர் வளர்ந்தது, அதே எதிர்ப்பு வரிசையோடு.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். எதிர்ப்பு வரிசை ஒன்றாக இருப்பதால் மட்டும் எல்லாம் ஒரே வம்சம் என்று அடித்துச் சொல்ல முடியாது. அதற்கு மரபணு வரிசை பார்க்க வேண்டும். எங்களைப் போன்ற லேபுக்கு அது எட்டாத தூரம். ஆனால் கஃப்பை மாற்றுவதற்கு மரபணு ரிப்போர்ட் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு படுக்கைக்கும் தனி கஃப் வந்தது. தொடுதிரைகளைத் துடைப்பது யார் வேலை என்பதே அதுவரை முடிவாகாமல் இருந்தது. நர்ஸ் ஹவுஸ்கீப்பிங்கைக் காட்டுவார், ஹவுஸ்கீப்பிங் பயோமெடிக்கலைக் காட்டும். அதை எழுத்தில் போட்டு ஒருவர் பொறுப்பில் விட்டார்கள். கை கழுவும் ஹேண்ட் ரப் பாட்டில் ஒவ்வொரு படுக்கையின் கால்மாட்டிலும் வந்தது. மினோசைக்ளினுக்கு அடங்காத அந்த வரிசை அடுத்தடுத்த மாதங்களில் குறைந்தது. முற்றிலும் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன், அவ்வப்போது ஒன்று தலைகாட்டுகிறது. இப்போது தலைகாட்டினால் அன்றைக்கே தெரிந்துவிடுகிறது.

அந்தக் கூட்டத்தில் ஒருவர் பைக்கிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டு வந்தவர். ரிப்போர்ட் வாங்க லேப் ஜன்னலுக்கு வந்த அவர் மனைவி, "தலையில அடிபட்டுத்தானேம்மா சேர்த்தோம், நெஞ்சுல சளி எப்படிம்மா வந்துச்சு?" என்று கேட்டார். டாக்டரிடம் கேளுங்கள் என்றுதான் என்னால் சொல்ல முடிந்தது. லேபுக்கு அதற்கு மேல் சொல்ல அதிகாரம் இல்லை. ஆனால் அந்தக் கேள்வி நியாயமானது, மருத்துவமனை பதில் சொல்லக் கடமைப்பட்ட கேள்வி. தன் வார்டில் என்ன சுற்றுகிறது என்று தனக்கே தெரியாத மருத்துவமனை அந்தம்மாவுக்கு என்ன பதில் சொல்லும்?

டாக்டர்கள் பக்கம் என்ன மாறியது என்றும் சொல்கிறேன். ஆண்டுக்கு ஒரு முறை ஆன்டிபயோகிராம் எடுக்கிறோம். எந்தக் கிருமிக்கு எந்த மருந்து நூற்றுக்கு எத்தனை முறை கேட்கிறது என்ற ஒரு பக்க அட்டவணை. ஹூநெட்டில் சில நிமிட வேலை. ஒரே நோயாளியிடமிருந்து திரும்பத் திரும்ப வரும் மாதிரிகளைத் தள்ளிவிட்டு, ஆளுக்கு முதல் கிருமி ஒன்று மட்டும் எடுக்கச் சொல்லலாம். இல்லாவிட்டால் நீண்ட நாள் படுத்திருக்கும் ஒருவரே மொத்தக் கணக்கையும் இழுத்துவிடுவார். ஒரு கிருமியில் 30 எண்ணிக்கையாவது சேராவிட்டால் சதவீதம் போடக்கூடாது என்பது விதி. நாங்கள் போடுவதில்லை. முதல் அட்டவணையில் வெளிநோயாளிகளின் சிறுநீர் ஈகோலைக்கு சிப்ரோஃப்ளாக்சசின் எவ்வளவு மோசம், நைட்ரோஃபுரான்டோயின் இன்னும் எவ்வளவு நன்றாகக் கேட்கிறது என்பது பளிச்சென்று தெரிந்தது. எங்கள் மூத்த பொது மருத்துவர் அட்டவணையை லேமினேட் செய்து மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டார். விலை உயர்ந்த ஊசி எழுதும் இடத்தில் ஐந்து நாள் மாத்திரை எழுதுகிறார். கண்காணிப்பு என்றாலே கெட்ட செய்திதான் வரும் என்று நினைப்பவர்களுக்கு இதைச் சொல்வேன். பழைய, மலிவான மருந்து இன்னும் வேலை செய்கிறது என்ற நல்ல செய்தியும் அதிலிருந்துதான் வருகிறது.

சரி, குறைகளுக்கு வருவோம்.

முகப்பு பழைய காலத்து விண்டோஸ் மென்பொருள் போல இருக்கும். பொத்தான்களும் பெட்டிகளும் நெருக்கியடித்து நிற்கும். புதிதாக வரும் பிள்ளைகள் மொபைல் ஆப் பழகியவர்கள், முதல் வாரம் திணறுவார்கள். லேபை அமைப்பதற்கே பொறுமை வேண்டும்: நம்மிடம் உள்ள டிஸ்க்குகள், வார்டுகள், எந்தெந்த விவரம் கேட்க வேண்டும் என்று எல்லாவற்றையும் முதலில் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஆனால் அதை ஒழுங்காகச் செய்துவிட்டால் பதிவு வேகமாக நடக்கும். ஈகோலைக்கு ஈ-சி-ஓ, கிளெப்சியெல்லா நிமோனியேவுக்கு கே-பி-என் என்று மூன்றெழுத்துக் குறியீடு போட்டதும் அந்தக் கிருமிக்கு உரிய மருந்துப் பட்டியல் தானாக வந்து நிற்கும்.

வார்டு பெயரைப் பட்டியலில் இருந்து தேர்ந்தெடுக்க விடாமல் தட்டச்சு செய்ய விட்டால் தொலைந்தது. ஐசியூ, மெடிக்கல் ஐசியூ, எம்ஐசியூ என்று ஒரே அறை மூன்று அறையாகிவிடும். எந்தக் கூட்டமும் கண்ணில் படாது. இதைவிடப் பெரிய சிக்கல் நோயாளி எண். எங்களிடம் ஒவ்வொரு முறை சேரும்போதும் புது ஐபி (உள்நோயாளி) எண் கொடுப்பார்கள். டயாலிசிஸ் நோயாளி ஒருவர் நான்கு முறை சேர்ந்தால் ஹூநெட்டுக்கு அவர் நான்கு ஆள். நிரந்தரப் பதிவு எண்ணைத்தான் போட வேண்டும். அந்த எண் கல்ச்சர் ஃபாரத்தில் இருக்காது, பில்லிங்கில்தான் இருக்கும். ஃபாரத்தை மாற்ற நிர்வாகத்தோடு போராட வேண்டியிருந்தது. அப்போதே இன்னொரு கட்டத்தையும் சேர்க்கச் சொன்னேன்: மருத்துவமனையில் சேர்ந்த தேதி. சேர்ந்து இரண்டு நாளுக்குப் பிறகு எடுத்த மாதிரியில் கிருமி வந்தால் அது பெரும்பாலும் மருத்துவமனையில் ஒட்டியது, அதற்கு முன் என்றால் வீட்டிலிருந்து வந்தது. இந்த ஒரு தேதி இல்லாவிட்டால் நாம் ஊரின் கிருமியை எண்ணுகிறோமா, நம் வார்டின் கிருமியை எண்ணுகிறோமா என்றே தெரியாது.

எல்லைக்கோட்டு அட்டவணை தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் என்று நம்பி உட்காரக் கூடாது. புதிய பதிப்பு வந்திருக்கிறதா என்று வருடத்துக்கு ஒருமுறை பார்த்து, பழைய கோப்புகளை நகலெடுத்து வைத்துக்கொண்டு நிறுவ வேண்டும். வேறு இயந்திரத்திலிருந்தோ எக்செல்லிலிருந்தோ தகவலை மாற்றிக்கொண்டு வர பேக்லிங்க் என்ற துணை மென்பொருள் கூடவே வருகிறது. வசதியானதுதான். ஆனால் முதல் முறை அதை அமைக்க விவரம் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். நோய்க்கூட்டத்தைத் தானே மோப்பம் பிடித்துச் சொல்லும் சாட்ஸ்கேன் என்ற முறையையும் இதற்குள் இணைத்திருக்கிறார்கள். பெரிய லேபுக்கு அது வரப்பிரசாதம். எங்களைப் போலக் குறைந்த எண்ணிக்கை வரும் இடத்தில், பல மாதத் தகவல் சேராமல் அதை ஓட்டிப் பயனில்லை. நான் மேலே சொன்ன எதிர்ப்பு வரிசைப் பட்டியலை மாதாமாதம் ஒரு ஆள் உட்கார்ந்து பார்ப்பதே எங்களுக்குப் பொருந்துகிறது.

எச்சரிக்கைச் செய்தி மட்டும் நன்றாக வேலை செய்கிறது. ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் வான்கோமைசினுக்கு அடங்கவில்லை என்று யாராவது பதிந்தால் உடனே நிறுத்திக் கேட்கும்: இது மிக அரிது, மறுபடி சோதித்துப் பாருங்கள் என்கிற பொருளில். அனுபவம் குறைந்தவர்கள் தனியாக ஷிஃப்ட் பார்க்கும் இடத்தில் இது பெரிய துணை. வேறு எதுவும் கேட்காதபோது கடைசியாக எடுக்கும் கொலிஸ்டின் என்ற மருந்தை மட்டும் கவனமாகக் கையாளுங்கள். டிஸ்க் வைத்து கொலிஸ்டின் பார்ப்பது நம்பகமற்றது, கிருமி வளரும் ஊட்டத் திரவத்தில் மருந்தை நீர்த்து அளக்கும் முறை வேண்டும். டிஸ்க் அளவை உள்ளே போட்டுவிட்டு வரும் சதவீதத்தை நம்பி யாரும் கடைசி மருந்தைக் கையில் எடுக்கக் கூடாது.

மென்பொருளால் சரிசெய்யவே முடியாத ஒன்று இருக்கிறது. மாதிரி வராவிட்டால் அதற்கு எதுவும் தெரியாது. காய்ச்சலோடு வருபவருக்கு முதலில் ஆன்டிபயாடிக் ஊசி, மூன்று நாள் கழித்து குறையவில்லை என்றால் பிளட் கல்ச்சர் என்பதுதான் பல இடங்களில் நடைமுறை. மருந்து உள்ளே போன பிறகு எடுத்த ரத்தத்தில் பல முறை கிருமி வளராது. வளர்ந்தால் அது மருந்துக்கு மசியாததாகத்தான் இருக்கும். இப்படிச் சேர்ந்த கணக்கில் எதிர்ப்பு உண்மையைவிடக் கூடுதலாகத் தெரியும். அதைப் பார்த்து டாக்டர் இன்னும் வலுவான மருந்தில் ஆரம்பிப்பார். ஊசிக்கு முன் கல்ச்சர் என்ற ஒரு பழக்கம் இல்லாமல் எவ்வளவு நல்ல மென்பொருள் வைத்தாலும் அதன் அட்டவணை கோணலாகத்தான் இருக்கும். கல்ச்சர் செலவை நோயாளி தலையில் தனியாகக் கட்டுவதால்தான் பல டாக்டர்கள் தயங்குகிறார்கள். ஐசியூ பேக்கேஜுக்குள் பிளட் கல்ச்சரைச் சேர்க்கும்படி எங்கள் நிர்வாகத்திடம் கேட்டிருக்கிறேன். இன்னும் முடிவாகவில்லை. கேட்பதை நிறுத்தப் போவதில்லை.

இவ்வளவு ஏன் மெனக்கெட வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நாட்டுக் கணக்கைச் சொல்கிறேன். 2010-இல் என்டிஎம்-1 பற்றிய ஆய்வு வெளிவந்தபோது அதன் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமி. மெரோபெனெம், இமிபெனெம் போன்ற கார்பபெனெம் வகை மருந்துகளையே சிதைத்துவிடும் நொதி அது. அந்த ஆய்வில் சென்னையிலிருந்து மட்டும் 44 கிருமிகளில் அது இருந்தது. புது டெல்லியின் பெயரை அதற்கு வைத்ததைப் பற்றிப் பெரிய சர்ச்சை நடந்தது. பெயருக்குச் சண்டை போட்ட வேகத்தில் பாதியையாவது கணக்கெடுப்பில் காட்டியிருக்கலாம் என்பது என் ஆதங்கம். 2012-இல் மருத்துவச் சங்கங்கள் சென்னையில் கூடி ஒரு பிரகடனம் வெளியிட்டன, அதுவும் கண்காணிப்பைத்தான் வலியுறுத்தியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2013-இல் தன் கண்காணிப்பு வலையமைப்பைத் தொடங்கியது. அதன் கணக்குப்படி இமிபெனெமுக்கு அடங்காத ஈகோலை 2016-இல் 14 சதவீதம், 2021-இல் 36 சதவீதம். கிளெப்சியெல்லாவில் அந்த மருந்துக்குக் கட்டுப்படுபவை அதே காலத்தில் 65 சதவீதத்திலிருந்து 43-க்கு இறங்கின.

இந்த எண்கள் பெரும்பாலும் பெரிய மருத்துவமனைகளிலிருந்து வருபவை. எங்கெங்கோ சிகிச்சை பார்த்து, கைவிட்ட பிறகு கடைசியாகப் போய்ச் சேரும் நோயாளிகளின் எண்கள். கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ முதல் முறை காய்ச்சலுக்கு வருபவரிடம் இருக்கும் கிருமி எப்படி என்பதை அந்த எண்ணிலிருந்து ஊகிக்க முடியாது. நம் தகவல் எங்கும் போய்ச் சேராததால் நமக்கான மருந்தையும் பெரிய நகரத்தின் அட்டவணையைப் பார்த்தே எழுதுகிறோம். கேரளம் 2018-இல் மாநில அளவில் செயல்திட்டம் போட்டு, மாநிலத்துக்கென்றே ஆன்டிபயோகிராம் வெளியிடுகிறது. தமிழ்நாட்டில் தனியார் சிறு மருத்துவமனைகள் எத்தனை கல்ச்சர் செய்கின்றன! அவை எல்லாம் ஒரே கோப்பு வடிவத்தில் இருந்தால், பெயரையும் அடையாளத்தையும் மறைத்து அனுப்பும் வசதி ஹூநெட்டிலேயே இருக்கிறது, மாவட்ட அட்டவணை ஒன்று போடுவது பெரிய காரியமே இல்லை. கேட்டால் அனுப்பத் தயாராக இருக்கும் லேப் ஒன்று இங்கே இருக்கிறது.

தங்கள் மருத்துவமனைப் பெயர் கெட்டுவிடும் என்று நிர்வாகங்கள் அஞ்சுவது எனக்குத் தெரியும். எங்களிடமும் அந்தப் பேச்சு வந்தது. எங்கள் கண்காணிப்பாளர் அதற்குச் சொன்ன பதில் எனக்குப் பிடித்திருந்தது: "கிருமி இருக்குன்னு எழுதுறதால வரலைம்மா, எழுதாததால போகவும் இல்ல. நீங்க எழுதுங்க." அந்த ஒரு வாக்கு இல்லாவிட்டால் பிபி கஃப் ரிப்போர்ட்டை நான் வெளியே எடுத்திருக்க முடியாது. ஆகவே இதை நிறுவ நினைக்கும் லேப்காரர்கள் முதலில் உங்கள் தலைமை மருத்துவரிடம் பேசிவிட்டு அப்புறம் கம்ப்யூட்டரைத் தொடுங்கள்.

தொடங்குபவர்களுக்கு என் யோசனை இது. எல்லா மாதிரியையும் முதல் நாளே ஏற்ற முயலாதீர்கள், பாதியில் சலித்து விட்டுவிடுவீர்கள். பிளட் கல்ச்சரை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணிக்கை குறைவு, ஒவ்வொன்றும் முக்கியம். வார்டுப் பட்டியலை முதலிலேயே பூட்டிவிடுங்கள். நிரந்தர எண், சேர்ந்த தேதி, மாதிரி எடுத்த தேதி மூன்றும் இல்லாத ஃபாரத்தை வார்டுக்கே திருப்பி அனுப்புங்கள், இரண்டு வாரம் முணுமுணுப்பார்கள், பிறகு பழகிவிடும். தரம் பார்ப்பதற்கென்றே வைத்திருக்கும் ஏடிசிசி 25922 என்ற ஈகோலையை வைத்து டிஸ்க்குகளின் தரத்தை வாராவாரம் பார்த்து அந்த அளவையும் பதியுங்கள். டிஸ்க் கெட்டுப்போயிருந்தால் மற்ற எல்லா எண்ணும் வீண். கோப்பை வெளி டிரைவில் நகலெடுப்பது யார் பொறுப்பு என்று பெயர் போட்டு ஒட்டுங்கள். பிளட் கல்ச்சர் பழகிய பிறகு ஐசியூவின் மூச்சுக்குழாய்ச் சளி, அதற்குப் பிறகு சிறுநீர். அமைக்கும்போது எங்காவது சிக்கினால் கேளுங்கள், எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன்.